முப்பத்தாறு புள்ளி ஐந்து

காலை ஒன்பதே காலுக்குக் கரோலினின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. அப்போது அவள் ராயபுரத்தில், தான் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் நின்று, ஒரு பெரியவரின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கன்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. நோட்டில் எழுதிவிட்டுப் போனைத் திறந்தாள்.

புருஷன் கஸ்பாரின் கழுத்து. முகம் முழுதாக இல்லை. தாடைக்குக் கீழே இருக்க வேண்டிய பள்ளம் காணாமல் போய், தாடையும் கழுத்தும் ஒரே தூணாக வீங்கியிருந்தன. தோல் இழுபட்டுப் பளபளத்தது. வாய் பாதி திறந்து கிடக்க, நாக்கை யாரோ அடியிலிருந்து மேலே முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்ததுபோல இருந்தது. வாயோரத்தில் எச்சில்.

போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தான்: ‘மாத்திர முழுங்க முடில. தண்ணியே எறங்கல. 10 மணிக்கு டெம்பரேச்சர் எடுப்பாங்க. இன்னா பண்றது.’

கரோலின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர், “இன்னாமா, எனக்கு எதுனா ஏறிப்போச்சா?” என்றார்.

“உனக்கு ஒண்ணியும் இல்ல, பெரிப்பா. உள்ள போ.”

கஸ்பார் நிலக்கரிக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதக் கணக்கில் ஏறியவன் பதினோரு மாதமாக இறங்கவில்லை. அவனோடு சேர்த்து அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர். உலகத்தில் எந்தத் துறைமுகமும் அவர்களை இறங்க விடவில்லை. இப்போது கப்பல் வந்து நிற்பது சொந்த ஊர்க் கடலில், எண்ணூருக்கு வெளியே. நங்கூரம் போட்டு நாலு நாளாகிறது. முந்தாநாள் சாயங்காலம் காசிமேட்டுக் கல்லுக்கரையில் நின்று பார்த்தாள். வரிசையாக நின்ற ஆறேழு கப்பல்களில் வடகோடியில் துருப்பிடித்த சிவப்பு வயிற்றோடு ஒன்று. “அதான், அதேதான்” என்று போனில் சொன்னான். வீட்டுக்கும் அவனுக்கும் நடுவே பஸ்ஸில் போனால் ஒரு மணி நேர தூரம்கூட இல்லை. ஆனால் ஏஜென்ட் சொல்லிவிட்டான்: கடைசித் துறைமுகத்தை விட்டுப் பதினான்கு நாள் ஆகணும். ஆளுக்கு இரண்டு வேளை எடுத்த டெம்பரேச்சர் தாள் சுத்தமாக இருக்கணும். பிறகு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, தொற்று இல்லை என்று வந்தால் இறங்கலாம். இன்று பத்தாம் நாள். இன்னும் நாலு நாள்.

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது.

சைனாவில் இருக்கும்போது கடைவாய்ப் பல் குத்தியது. அங்கே கப்பல் ஏணியடியில் ஒரு கேமராவை மாட்டிவிட்டார்கள். ஏணியில் கால் வைத்தால் கரையிலிருந்து ஒலிபெருக்கி கத்தும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட்டார்கள். அங்கே செல்சியஸ் கணக்கில் முப்பத்தேழு புள்ளி மூன்றைத் தாண்டினால் காய்ச்சல். கஸ்பார் வாயைத் திறந்து காட்டியதும் ஒரு டாக்டர் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சைனா எழுத்துப் போட்ட மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினார். வலி அடங்கியது. அடுத்து சிங்கப்பூர், எண்ணெய் நிரப்ப ஒரே ஒரு பகல். பல் மறுபடி முணுமுணுத்தது. அந்த ஏஜென்ட் நல்ல மனுஷன். கரை டாக்டரைப் பார்க்கலாம், இந்தப் ஃபாரத்தைப் போடு, இந்தப் ஃபாரத்தைப் போடு, நாலு நாளில் முறை வரும் என்றான். கப்பல் பத்து மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். உக்ரைன்காரக் கேப்டன் கையை விரித்தார். கடைசியாகச் சுமத்ராவில் நிலக்கரி ஏற்றும்போதுதான் காய்ச்சல் வந்தது. அங்கே முப்பத்தெட்டு வரைக்கும் ஆள் நல்லாயிருக்கிறான் என்று கணக்கு. அவனுக்கு முப்பத்தேழு புள்ளி எட்டு. ஆகவே நல்லாயிருந்தான்.

“சைனாவுல நான் நோயாளி, இங்க நான் பயில்வான்” என்று அன்று ராத்திரி போனில் சிரித்தான். சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே பேச்சுதானாம். பிலிப்பைன்ஸ்காரனுக்கு ஊரில் வீட்டுக்கு ஒரே ஒரு பாஸ், அவன் பெண்டாட்டி மட்டும் வெளியே போகலாம். சீஃப் இன்ஜினியருக்கு மகள் சுவீடனில். அங்கே காபிக் கடை திறந்திருக்கிறதாம், அவள் போய் உட்கார்ந்து குடித்துவிட்டு வருகிறாளாம். “உங்கூர்ல இன்னா பண்றாங்கன்னு கேட்டான் அந்த சீஃப்பு. தகரம் அடிப்பாங்கன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல. இந்தத் தெரு மொனையில அடிச்சிக்கிறாங்களே, அந்த போட்டோவ அனுப்பு, காட்டணும்” என்றான்.

அடுத்த துறைமுகம் இந்தியா. தாளில் காய்ச்சல் ஏறினால் கப்பலுக்கே சந்தேகக் கொடி. பதினான்கு நாள் முதலிலிருந்து ஓடும். கஸ்பார் அதைச் சொல்லிப் புலம்பியபோது யோசனை கொடுத்தது கரோலின்தான்.

அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. கார்ப்பரேஷன் காய்ச்சல் கணக்கெடுப்பில் சேர்ந்து இரண்டு மாதத்தில் தானாகவே தெரிந்தது. நூறு வீடு அவள் பொறுப்பு. ஒரு நெற்றியில் நூறைத் தாண்டினால் எழுத வேண்டும். எழுதினால் மூக்கில் குச்சி. குச்சி ஆமாம் என்றால் தகரம் அடித்துத் தெருவையே மூடிவிடுவார்கள். கன்டெய்னர் யார்டுக்குப் போகிறவன், மீன் கூடை தூக்குகிறவன், ஹார்பர் கேட்டில் நிற்கிறவன் எல்லோருக்கும் பதினான்கு நாள் அடுப்பு எரியாது. அதனால் அவள் வரும் நேரம் தெரிந்து, ஒரு மணி நேரம் முன்பே காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நெற்றி குளிர்ந்திருக்கும், கண் மட்டும் சிவந்திருக்கும். கரோலின் கண்ணைப் பார்க்க மாட்டாள். கன்னைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அவள் பிறந்து வளர்ந்த தெரு. யார் வீட்டு அடுப்பை யார் அணைப்பது.

கஸ்பாரும் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு நாள், காலை ஒன்பதுக்கு ஒன்று, சாயங்காலம் நாலுக்கு ஒன்று. கேப்டன் தாளில் வரிசையாக முப்பத்தாறு புள்ளி ஐந்து, முப்பத்தாறு புள்ளி நாலு, முப்பத்தாறு புள்ளி ஐந்து. அடியில் பல் அழுகிக்கொண்டே இருந்தது.

நேற்று கன்னம் வீங்கியது என்றதும் கஸ்பாரின் தோஸ்து உதயாவைக் கூப்பிட்டாள். உதயாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட்டு, சின்ன மீன்பிடிப் படகு. நங்கூரம் போட்ட கப்பல் பக்கத்தில் போய் மீன் விற்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கம்தான். மேலேயிருந்து கயிற்றில் பக்கெட்டு இறங்கும். மீனைப் போட்டால் மேலே போகும், சிகரெட்டோ பெயின்ட்டு டப்பாவோ கீழே வரும். ஆளும் ஆளும் தொட்டுக்கொள்வதே இல்லை. அந்தப் பக்கெட்டிலேயே உதயா வஞ்சிரத்துக்கு அடியில் மருந்துக்கடை கவரை வைத்து அனுப்பினான். சீழுக்கான மாத்திரை பத்து. நேற்று இரண்டுதான் உள்ளே போயிற்று. இன்றைக்குத் தண்ணீரே போகவில்லை.

கரோலின் உதயாவுக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, நான் கரையிலதான் கீறேன். எஞ்சின மாட்டிகினு கீறேன். சொல்லு, போய் மாமுவ எறக்கிகினு வந்துர்றேன்.”

“எப்படி எறங்குவாரு? கழுத்தே திரும்பல.”

“வலையில சுத்தி எறக்குவோம். அத்தாம் பெரிய சுறாவையே எறக்கிக்கிறோம்.”

“அது செத்த சுறா, உதயா.”

அவன் குரலைத் தாழ்த்தி, “எறக்கிட்டு எங்க இட்னு போறதுன்னு யோசிக்கிறியா?” என்றான்.

அதைத்தான் யோசித்தாள். எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் முதல் கேள்வி, எங்கேயிருந்து வருகிறாய். கப்பலில் இருந்து திருட்டுத்தனமாக என்றால் போலீஸ் வரும்வரை வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான். அந்த நேரம் கஸ்பாரிடம் இல்லை.

ஒன்பது இருபத்தைந்து. கஸ்பாருக்கு எழுதினாள்: ‘பத்து மணிக்குக் காய்ச்சல் காட்டும். காட்டட்டும். நான் டாக்டராண்ட போறேன். எல்லாத்தையும் சொல்றேன்.’

பதில் உடனே வந்தது: ‘வேணாம். புக்கு போய்டும்.’

கடல் வேலைக்காரனுக்கு கப்பலேற அரசாங்கம் தரும் அந்தப் புக்குத்தான் கை கால். பொய்த் தாள் கொடுத்தான் என்று தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு எந்தக் கம்பெனியும் ஏற்றாது.

அடுத்து ஒன்று: ‘எல்லாருக்கும் 14 நாள் மறுபடி ஓடும். பிலிப்பினோகாரன் 14 மாசம் ஆச்சி வூட்டுக்குப் போயி. என்ன கடல்ல தூக்கிப் போட்ருவான். 4 நாள்தான். தாங்கிக்கிறேன்.’

‘மூச்சு எப்டி கீது?’ என்று கேட்டாள்.

எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு: ‘படுத்தா வரல. உக்காந்துகினு கீறேன்.’

அதற்குமேல் அவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை அக்குளில் செருகிக்கொண்டு ஓடினாள். கார்ப்பரேஷன் தொப்பி பாதி வழியில் கழன்று விழுந்தது. எடுக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் டாக்டர் ஜெயஸ்ரீ குச்சி எடுக்கும் கூண்டுக்கு வெளியே நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கரோலின் மாதிரி நாற்பது பேருக்கு அவர்தான் மேலே. மாஸ்க் அழுத்தி மூக்கின் மேல் நிரந்தரமாக ஒரு கோடு. கத்த மாட்டார். கத்த அவருக்கு நேரமில்லை.

கரோலின் போனை நீட்டினாள். ஜெயஸ்ரீ போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

“யார் இது?”

“என் புருஷன், மேடம். கப்பல்ல கீறாரு. எண்ணூராண்ட. பல்லு வலி.”

“பல்லுலதான் ஆரம்பிச்சிருக்கும். இப்ப வாய்க்கு அடிப்பாகம் முழுக்க சீழ் இறங்கியிருக்கு. நாக்கைத் தூக்குது பாருங்க. இது பின்னால தள்ளிச்சுன்னா மூச்சுக்குழாய் மூடிடும்.” நிமிர்ந்தார். “எவ்ளோ நாளா?”

“காய்ச்சல் பன்னெண்டு நாளா.”

“கப்பல்ல டாக்டருக்குச் சொல்லலையா?”

“கப்பல்ல டாக்டரு இல்ல மேடம். கேப்டன்தான்.”

துறைமுகத்து சுகாதார டாக்டரின் நம்பர் ஜெயஸ்ரீயிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். லைன் கிடைத்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. எதிர்முனையில் சளைத்த குரல். அந்தக் கப்பல் பெயரைச் சொன்னதுமே அவர் சொன்னார்: “இப்பதான் டாக்டர், கேப்டன்கிட்டேர்ந்து மெயில் வந்துச்சு. ஒரு ஃபிட்டருக்கு இன்னிக்குக் காலைல திடீர்னு முப்பத்தொன்பது. கழுத்து வீக்கம், எச்சில், பேச முடியல. பத்து நாளா சுத்தமா நார்மல். பத்தாவது நாள் திடீர் காய்ச்சல், தொண்டை. நீங்களே சொல்லுங்க, என்ன எழுதுவீங்க?”

“பல்லுல வந்த சீழ், சார். போட்டோ இங்க என் கையில இருக்கு.”

“இருக்கலாம். எனக்கு ரூல்ல ரெண்டு வழிதான். திடீர் காய்ச்சல்னா சந்தேகக் கேஸ். ரூம்ல தனியா வை, நாளைக்கு டீம் போய் ஸ்வாப் எடுக்கும், நாளன்னிக்கு ரிசல்ட். இல்ல, பழைய வியாதி முத்திப்போய் உயிராபத்துன்னா இன்னிக்கே லாஞ்ச் போட் அனுப்பி இறக்கலாம். அதுக்குப் பழைய வியாதின்னு ஒரு ஆதாரம் வேணும். இந்தத் தாளைப் பாத்தா, சைனா, சிங்கப்பூர், இந்தோனேசியா, எல்லா இடத்துலயும் ஆளு நார்மல். மூணு நாடு நார்மல்னு சொன்னதை நான் போட்டோவைப் பாத்து எப்படி மாத்துவேன்? நாளைக்கு அந்த லாஞ்ச் பசங்க பத்து பேருக்கு வந்துச்சுன்னா?”

“நாளன்னிக்கு வரைக்கும் தாங்க மாட்டார், சார்.”

“ஆதாரம் குடுங்க டாக்டர். பத்து நிமிஷத்துல ஆளை அனுப்புறேன்.”

ஜெயஸ்ரீ போனைப் பொத்திக்கொண்டு கரோலினைப் பார்த்தார். “அது எப்படிம்மா தாள்ல நார்மல் வந்துச்சு?”

“மாத்திரை போட்டுகினு காட்டினாரு, மேடம். பன்னெண்டு நாளும். நான்தான் போடச் சொன்னேன்.”

“எங்கேயாவது எழுதியிருக்கா? மெசேஜ்?”

எழுதியிருந்தது. தினமும். பல்லின் போட்டோ, தேதியோடு. ‘இன்னிக்கு 100.8.’ ‘இன்னிக்கு 101, ராத்திரி தூக்கமே இல்ல.’ ‘கன்னம் கல்லு மாதிரி கீது.’ சுமத்ராவிலிருந்து இன்று காலை வரை ஒரு நாள் விடாமல்.

“அதை அனுப்பினா போதும்” என்றார் ஜெயஸ்ரீ. “மொத்தமா அனுப்புங்க. நடுவுல ஒண்ணு வெட்டினாக்கூட அவர் நம்ப மாட்டார்.”

கரோலின் பெஞ்சில் உட்கார்ந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவள் அனுப்பிய குரல் செய்தி ஒன்று நின்றது. நாற்பத்தியொரு விநாடி. காதில் வைத்துக் கேட்டாள். அவள் குரல்தான். சிரித்துக்கொண்டே பேசியிருந்தாள்.

“நீ ஒரு மக்குய்யா. நம்ம எதுத்த வூட்டு கெங்கம்மா இன்னா பண்ணுது தெரியுமா? நான் பத்து மணிக்கு வருவேன்னு ஒம்போதுக்கே நிதிஷுக்கு மாத்திரையக் குடுத்து, மூஞ்சக் கழுவி, பவுடரு அடிச்சி உக்கார வெச்சிகினு கீது. பொண்ணு பாக்க வந்தா மாதிரி. கன்னுல தொண்ணூத்தெட்டு காட்டுது. நானும் ஒண்ணியும் தெரியாத மாதிரி எழுதிகினு வந்துர்றேன். நம்ம வரிசையில ஒம்போது வூட்ல இதான் கதை. நீயும் செக்கிங்குக்கு ஒரு மணி நேரம் முன்ன போட்டுக்கோ, அவ்ளோதான்.”

நிதிஷ் கெங்கம்மாவின் மகன், கன்டெய்னர் யார்டில் வேலை. அன்றைய காய்ச்சலோடே ஷேர் ஆட்டோவில் ஏறி வேலைக்குப் போனான். அவனுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் நாலு நாளாக அவன் அப்பா செல்வம் இருமுவது தெருவுக்கே கேட்கிறது. சர்க்கரை உள்ள மனுஷன். நேற்றும் கரோலின் அவருக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு என்று எழுதினாள். கெங்கம்மா அவள் கையில் ரெண்டு சங்கரா மீனைத் திணித்தாள். புருஷன் வரும்போது குழம்பு வைத்துக் கொடு என்றாள்.

கட்டைவிரல் அந்தச் செய்தியின் மேல் அழுந்தியது. செய்தி நிறம் மாறியது. மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. அதைத் தொட்டால் போய்விடும். போனால், அவள் சொல்லித்தான் அவன் போட்டான் என்பதற்கு அடையாளம் இருக்காது. வெறுமனே ஒருவன் தினமும் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறான், தாளோ நார்மல் என்கிறது. எது பொய் என்று அந்த டாக்டர் கேட்பார்.

போன் கையிலேயே அதிர்ந்தது. கஸ்பார். வார்த்தை இல்லை. தெரியாமல் விரல் பட்ட மாதிரி, ‘ம்ம்ம்ம்’ என்று மட்டும்.

“மேடம்” என்றாள். “இதுல எங்க தெரு கீது. பேரோட கீது.”

ஜெயஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. கரோலின் அந்த நாற்பத்தியொரு விநாடியையும் அவருக்குப் போட்டுக் காட்டினாள். கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் ஏறவில்லை. ரத்தம்தான் இறங்கியது.

“ஒம்போது வீடு.”

“ஆமா மேடம்.”

“ரெண்டு மாசமா?”

“ரெண்டு மாசமா இல்ல. ஒரு மாசமா.”

“அந்தப் பையன் யார்டுல எத்தனை பேரோட வேலை செய்யறான்னு தெரியுமா?” கேட்டுவிட்டு அவரே கையை ஆட்டினார். “இப்ப வேணாம். அனுப்புறீங்களா, இல்லையா? நீங்க அனுப்பினா நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது. உங்க தெருவுக்கு நான் இன்னிக்கே வரணும். அது தெரிஞ்சிக்கிட்டு அனுப்புங்க.”

உதயாவின் பெயரும் உள்ளே இருந்தது, பக்கெட்டும் இருந்தது. அவனுக்குப் போன் போட்டாள்.

“உதயா, நேத்து நீ போனது எல்லாம் ஆபீசருக்குப் போவப் போவுது. போட்டப் புடிப்பாங்க.”

“என் பேரு கீதா அதுல?”

“கீது.”

“பேஜாரா பூட்ச்சே” என்றான். “சரி வுடு. மாமு வந்து போட்ட மீட்டுத் தரட்டும். அனுப்பு, அனுப்பு.”

அவன் சொல்லிவிட்டான். கெங்கம்மாவிடம் கேட்க முடியாது. கேட்டால் என்ன சொல்வாள் என்று கரோலினுக்குத் தெரியும். கேட்காமலே அனுப்பினாள்.

பத்தே முக்காலுக்குத் துறைமுக டாக்டர் ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. “கேட்டேன். அந்தாளோட தாள் மொத்தமும் பொய்னு நான் எழுதப் போறேன், அதையும் அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. லாஞ்ச் கிளம்பிடுச்சு. கவச உடுப்போட நாலு பேர். கழுத்துல ஓட்டை போடுற டாக்டரையும் ஏத்திட்டேன்.”

கரோலினை ஜெட்டிக்குப் போக விடவில்லை. கஸ்பாரின் வீட்டுக்காரி என்பதால் இல்லை. ஒன்பது காய்ச்சல் வீடுகளுக்குத் தினமும் போய் வந்தவள் என்பதால். அங்கேயே அவளுக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். வீட்டுக்குப் போய் உள்ளேயே இரு என்றார் ஜெயஸ்ரீ. கன்னையும் நோட்டையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். வேலை போயிற்று என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நடந்து வரும்போது உதயாதான் தகவல் சொல்லிக்கொண்டு வந்தான். கப்பலுக்கருகே கடலில் இருந்த கட்டுமரத்துக்காரன் ஒருவனை இன்னொரு போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னான். “லாஞ்ச்சு ஒட்டிச்சி… மேலேர்ந்து கிரேன்ல கூடை எறங்குது அண்ணி… ஆள வெச்சிக்கிறாங்க, உக்காந்தாப்பலயே கட்டிக்கிறாங்க… காத்து கீது, கூடை சுத்துது…” கரோலின் ரோட்டு நடுவில் நின்றுவிட்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

“உதயா.”

“இருண்ணி… லாஞ்ச்சுலயே எதுவோ பண்றாங்க. சுத்தி நின்னுகினு கீறாங்க, ஒண்ணியும் தெரியலன்றான்.”

அவள் தெருவுக்குள் நுழைந்தபோது இன்னும் அது என்ன என்று தெரியவில்லை. அவளுக்கு முன்பே கார்ப்பரேஷன் வண்டி வந்து நின்றிருந்தது. சவுக்குக் கம்பு, நீலத் தகரம், ஆணிப் பெட்டி. வெள்ளை உடுப்பில் ஜெயஸ்ரீயின் ஆட்கள் ஒன்பது வீட்டு நம்பரையும் கையில் வைத்துக்கொண்டு கதவு தட்டினார்கள். ஜனங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. தெருவே வாயை மூடிக்கொண்டு அவள் நடந்து போவதைப் பார்த்தது. திட்டியிருந்தால் நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கெங்கம்மா வீட்டு வாசலில் செல்வத்தின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கிளிப்பு ஒன்றை மாட்டினார்கள். பார்த்தவன் அடுத்தவனிடம், “எண்பத்தாறு” என்றான். இரண்டு பேரும் உடனே ஆம்புலன்சுக்குப் பேசினார்கள். செல்வம் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே நடந்து வண்டியில் ஏறினார். ஏறும்போது அவர் கரோலினைப் பார்க்கவில்லை. தெருமுனையில் கிழவி ஒருத்தி, “நல்லா நடந்துதானே போறாரு, எதுக்கு இட்னு போறாங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிதிஷ் பின்னால் ஓடினான், அவனைத் தடுத்து உள்ளே தள்ளினார்கள். “எங்க இட்னு போறீங்க?” என்று கெங்கம்மா இரண்டு முறை கேட்டாள். பெட் எங்கே இருக்கிறதோ அங்கே என்று பதில் வந்தது.

தெருமுனையில் தகரம் எழும்பியது. ஆணி அடிக்கும் சத்தத்தில் கரோலினுக்குப் போன் அடித்ததே கேட்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தாள். பெண் குரல். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்.

“கஸ்பார் வீட்லேர்ந்துங்களா? போட்லயே கழுத்துல டியூப் போட்டுதாம்மா கொண்டுவந்தாங்க. இப்ப தியேட்டர்ல சீழ் எடுத்துட்டாங்க. நிறைய இருந்துச்சு. மூச்சு நல்லா வருது. பேச முடியாது, பேப்பர்ல எழுதுறாரு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்.”

“இன்னாவாம்?”

“புக்கு போச்சான்னு கேக்குறாரும்மா. எந்த புக்குன்னு எனக்குத் தெரியல.”

“போச்சுன்னு சொல்லுங்க” என்றாள் கரோலின். “பொழச்சி வரச் சொல்லுங்க. நான் இன்னா எங்கியாவது ஓடியா பூட்டேன்.”

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று புடவையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தத் தெருவில் இன்றைக்கு அவள் அழுவதற்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அவள் வீட்டு ஜன்னலுக்கும் கெங்கம்மா வீட்டு ஜன்னலுக்கும் நடுவே ஆறடிச் சந்து. இரண்டு கதவிலும் ஒரே மாதிரி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இனிப் பதினான்கு நாள் இரண்டு பேரும் வெளியே வர முடியாது. நாலு மணி வாக்கில் எதிர் ஜன்னல் திறந்தது. கெங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“உம் புருஷன் உயிரோட கீறானா?”

“கீறாரு.”

“ம்.” கெங்கம்மா தலையை ஆட்டினாள். “வரும்போது குழம்பு வைக்கத்தான் சங்கரா குடுத்தேன் உனக்கு.”

கெங்கம்மா கம்பியில் முகத்தை வைத்தாள்.

“உன் வூட்டு ஆம்பளைய எறக்கறதுக்கு எம் வூட்டு ஆம்பளைய ஏத்திட்ட.”

“அவருக்கு எண்பத்தாறுக்கா. நாலு நாளா இருமிகினு கீறாரு. நான் முன்னயே எழுதியிருக்கணும். நேத்தே எழுதியிருக்கணும்.”

“எழுதாததுக்கும் நீதான், எழுதுனதுக்கும் நீதான். நல்லா கீதுடி உன் நாயம்.”

தெருமுனையில் சுத்தியல் நின்றது. தகரம் அடித்து முடித்துவிட்டார்கள். கெங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னே சொல்லலடி. நிதிஷு பத்து நம்பருக்கு அடிச்சிட்டான். ஒருத்தனும் எடுக்கல. சுகர் மாத்திரை வேற இங்கியே கீது.”

“நான் டாக்டரம்மாவாண்ட கேட்டு சொல்றேன்.”

“நீ ஒண்ணியும் சொல்ல வேணாம். நீ சொன்ன வரைக்கும் போதும்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. கரோலின் அங்கேயே நின்றாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, ஜன்னல் மறுபடி திறந்தது. கெங்கம்மா இந்த முறை அவள் முகத்தைப் பார்க்காமல், கீழே சந்தின் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னு கேளு. கேட்டு சொல்லிட்டு, அப்பால எங்கிட்ட பேசாத.”

கரோலின் போனை எடுத்து ஜெயஸ்ரீயின் நம்பரைத் தேடினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கெங்கம்மா கம்பியை விடவில்லை.